ஒரு நாள் வேலை

நாற்பது பேரைப் புதிதாக வேலைக்கு வைத்தால், தையல் இயந்திரங்களின் பாதி விலையை அரசு கொடுக்கும். ஆலையில் புதிதாகச் சேர்ந்திருந்ததோ முப்பதே பேர். ஆய்வு நாளன்று மீதி நாற்காலிகளில் உறவுக்காரர்களை உட்கார வைத்தார்கள். மேற்பார்வையாளரின் மச்சினியும் வந்தாள்.

மூன்று வருடமாக வேலை தேடும் அவள், நூலைக் கொக்கி கொக்கியாக இறக்கி ஊசியில் கோத்து, ஒரு காலரைப் பிசிறில்லாமல் தைத்துக் காட்டினாள். அதிகாரி அவள் பெயரையும் அடையாள எண்ணையும் குறித்துக்கொண்டார்.

"நல்லாத்தானே தைக்கிறேன் மாமா, என்னை வச்சுக்கக் கூடாதா?"

"அவங்களுக்கு வேண்டியது உன் தலைதான், தையல் இல்ல. எண்ணியாச்சு, ஏப்ரனைக் கழட்டிக் குடும்மா."

மறுமாதம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவளுடைய பதிவு நீக்கப்பட்டிருந்தது.

"உங்களுக்குத்தான் வேலை கிடைச்சிருச்சேம்மா," என்ற எழுத்தர், மனதார வாழ்த்தும் சொன்னார்.