வண்டியில் நாலு கால்

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போட்டுக்கொள்ள நல்ல பூட்ஸ் வாங்கப் போவதாக லிஃப்ட் மெக்கானிக் அறிவித்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பிடும்போது பூட்ஸ். பாத்திரம் கழுவும்போது பூட்ஸ். படுக்கையில் மல்லாந்தபடி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவர் பூட்ஸைக் குறுக்காக அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் வீடியோ. என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால்கூட இந்த மனுஷன் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார் என்று அவன் மனைவி நினைத்துக்கொண்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவனோடு வேலை பார்க்கும் ஸ்பேனர் (ஒல்லி உடம்பு, அகலத் தலை, அதனால் அந்தப் பெயர்) போன மாதம் ஒரு திருப்பத்தில் வண்டியோடு சாய்ந்தான். வேகம் ஒன்றும் இல்லை, சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போகிற வேகம்தான். காலில் கான்வாஸ் ஷூ. வண்டி கணுக்கால் மேலேயே படுத்துக்கொண்டது. உள்ளே கம்பி வைத்துத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மெக்கானிக்குக் கையில் எடுத்த சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பூட்ஸ் பேச்சு ஆரம்பமாயிற்று.

மெக்கானிக்கின் வண்டியில் தினமும் காலையில் போவது அவன் மட்டும் அல்ல. பின்னால் அவளும் உட்கார்ந்திருப்பாள். பெண்கள் பார்லர் ஒன்றில் முடி வெட்டும் வேலை அவளுக்கு. அவளை வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான், மாலையில் வந்து ஏற்றிக்கொள்வான். கிளம்புமுன் தலையைத் திருப்பாமலே, "உக்காந்துட்டியா?" என்பான். "ம்" என்பாள். வண்டி நகரும்.

ஆக, வண்டியில் நாலு கால். வீட்டில் நடக்கும் பேச்சில் இரண்டு கால்தான். முதல் நாளே இது அவளுக்கு உறைத்தது. நாளைக்குச் சொல்வார் என்று இருந்தாள். நாளைக்கும் அவன் தன் கணுக்காலைப் பற்றித்தான் பேசினான். ஹெல்மெட் வாங்கியபோது கேட்காமலே இரண்டு வாங்கி வந்தவன், அதுதான் வேடிக்கை. தலை இரண்டு என்று தெரிந்த மனுஷனுக்குக் கால் நாலு என்று கணக்கு வரவில்லை.

பார்லர் முதலாளியம்மாவிடம் இதைச் சொன்னாள். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாயத் தொறந்து, எனக்கும் ஒரு ஜோடி வேணும்னு சொல்லேன்" என்றாள் அக்கா, ஹேர் டை கிண்ணத்தைக் கலக்கியபடியே.

"சொல்ல மாட்டேன்க்கா. அவருக்காத் தெரியணும்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். கேட்டு வாங்கினா அது அக்கறையா? பிச்சை."

"உனக்குக் கொழுப்பு" என்றாள் அக்கா.

கொழுப்புதான். நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்கிறவளுக்குக் கால்தான் எல்லாம். அந்தக் காலில் இரண்டு வார் போட்ட ஒரு தட்டைச் செருப்பு. பத்து விரலும் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். காலையில் பின்சீட்டில் ஏறியதும் வேண்டுமென்றே காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துக்கொள்வாள், கண்ணாடியில் தெரியட்டும் என்று. கண்ணாடியில் அவன் லாரியைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான். அவள் காலைப் பார்க்கவில்லை.

கடைக்குப் போகும் நாளும் வந்தது. "காலையில போகாதீங்க, சாயங்காலம் போனாத்தான் கால் வீங்கியிருக்கும், அளவு சரியா வரும்" என்று யோசனை சொன்னதும் அவள்தான். கோபத்திலும் அவளால் தப்பான யோசனை சொல்ல முடியாது.

கடைக்காரி நல்ல விவரமானவள். வேலைக்குப் போடுகிற இரும்பு மூக்கு ஷூவே போதாதா என்று அவன் கேட்டதற்கு, போதாது என்றாள். அது விரலைக் காப்பாற்றும், கணுக்காலை விட்டுவிடும், மூக்கு தடிமனாக இருப்பதால் கியர் லிவருக்கு அடியில் நுழையவும் நுழையாது. பந்தயக்காரர்கள் போடுகிற முழங்கால் உயர பூட்ஸ் ஒன்றை அவன் ஆசையோடு எடுத்தபோது, "போட்டுக்கிட்டு நாலு மாடி ஏறிப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று திரும்ப வாங்கி வைத்துவிட்டாள். கணுக்கால் எலும்பின் இரண்டு பக்கமும் கட்டித் தகடு வைத்த, கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரம் வருகிற ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தாள். குதிகாலை ஒரு கையிலும் மூக்கை ஒரு கையிலும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கச் சொன்னாள். முறுக்கிக்கொண்டால் அது சரியில்லை, வண்டி மேலே விழுந்தால் காலையும் அப்படியே முறுக்கும். மெக்கானிக் முறுக்கினான். அசையவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஜிப் வெச்சது எடுக்கவா, லேஸ் வெச்சதா?"

"லேஸ். ஜிப் ஒரு நாள் மக்கர் பண்ணும். லேஸ் இறுக்கிக் கட்டினா கட்டினதுதான்."

"நுனிய மட்டும் மறக்காம உள்ள சொருகிடுங்க. கியர்ல மாட்டும்."

அவன் குனிந்து இன்னொரு பூட்ஸைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கடைக்காரியின் கண் மனைவியின் செருப்புக்குப் போயிற்று. அவளை நிமிர்ந்து பார்த்து, எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்று காட்டினாள். கடைக்காரியும் பெண்தான், புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாதமாகக் கூடவே இருக்கிறவன் பார்க்காததை இவள் ஒரு பார்வையில் பார்த்துவிட்டாளே என்று நினைத்துக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று எழுந்து நின்று கேட்டான்.

"நல்லா இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, புது பூட்ஸுக்கு இடம் போதவில்லை என்று கியர் லிவரைக் கழற்றிக் கொஞ்சம் உயர்த்தி மாட்டினான். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து பழகினான். திங்கள்கிழமை காலை, "உக்காந்துட்டியா?" "ம்."

பார்லருக்கு இரண்டு தெரு இருக்கும்போது சிக்னல் விழுந்தது. வண்டி மெல்ல நின்றது. இடது காலை ஊன்றப் போனான், கால் வரவில்லை. லேஸின் வளையம் கியர் லிவரில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை இழுத்தான், இரண்டாவது தடவை இழுப்பதற்குள் வண்டி இடது பக்கமாக, அவசரமே இல்லாமல், சாய்ந்து படுத்தது.

பின்னால் வந்தவர்கள் வண்டியைத் தூக்கிவிட்டார்கள். மெக்கானிக் எழுந்தான். காலை உதறினான், கணுக்காலைச் சுழற்றினான், குனிந்து பூட்ஸைத் தடவிப் பார்த்தான்.

"வண்டி மொத்தமும் கால் மேலதான் விழுந்துச்சு. ஒண்ணுமே ஆகல பாரேன்!" என்றான், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் மாதிரி.

அவள் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பு இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. இடது காலின் சுண்டுவிரலும் அடுத்த விரலும் பின்சீட்டில் கால் வைக்கும் கட்டைக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தன. தோல் உரிந்து, விரல் பார்க்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது அவளுக்கு முதலில் வந்தது வலி அல்ல. ஜெயித்துவிட்டோம் என்கிற நினைப்பு. நான் சொன்னேன் இல்லையா, இந்த மனுஷனுக்கு என் காலைப் பற்றி நினைப்பே இல்லை என்று, இதோ சாட்சி என்று மனசு துள்ளியது. வலி அதற்குப் பின்னால்தான் வந்தது. ஆனால் வந்தபோது மொத்தமாக வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பூட்ஸைத் தடவிய கை அப்படியே நின்றது.

இரண்டு விரலிலும் எலும்பு முறிவு. டாக்டர் அவற்றைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, நின்று செய்யும் வேலை இப்போதைக்குக் கூடாது என்றார். நிற்காமல் முடி வெட்ட முடியுமா? வீட்டோடு கிடந்தாள். "இனி உங்க வண்டியில உக்கார மாட்டேன், பஸ்லயே போய்க்கிறேன்" என்று சொல்லியும் விட்டாள். அவன் சமைத்தான், துவைத்தான், அவள் காலுக்கடியில் தலையணையைச் சரி செய்தான். பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே கிடையாது.

அடுத்த வாரம் ஒரு காலையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து பார்த்தாள். அவன் காலில் பழைய கான்வாஸ் ஷூ. ஸ்பேனர் போட்டிருந்த அதே மாதிரி. அன்று பகல் முழுக்க அவளுக்கு இருப்பு கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். மாலையில் வண்டி வந்து நின்ற பிறகுதான் மூச்சு வந்தது.

"பூட்ஸ் எங்க?"

"ஷெல்ஃப்ல இருக்கு."

"அது ஷெல்ஃப்ல இருந்தா யாரு காலக் காப்பாத்தும்? ஷெல்ஃப் காலையா?"

"நீ இந்தக் காலோட கெடக்கும்போது நான் அதப் போட மாட்டேன்."

"உங்க கால் ஒடஞ்சா என் கால் சேந்துடுமா? லூசா நீங்க?"

அவன் ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். "எப்படி மறந்தேன்னு எனக்கே தெரியல. நெஜமாத்தான் சொல்றேன். விழுந்தா எனக்குத்தான் அடிபடும்னு நெனச்சேன். முன்னால நான் இருக்கேன்ல, எது வந்தாலும் என்னைத் தாண்டித்தானே உன்கிட்ட வரும்னு..."

"வண்டி பக்கவாட்டுலயும் விழும்."

"இப்பத் தெரியுது."

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால்தான் சொன்னாள். "எனக்கு மொதல் நாளே தெரியும். நீங்க என் கால மறந்துட்டீங்கன்னு. நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசமா."

அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். பிறகு கோபப்படாமல், வேலை விஷயம் பேசுகிற குரலில் கேட்டான். "லிஃப்ட் கயிறு தேஞ்சிருக்கிறத நான் பாக்குறேன்னு வெச்சுக்க. கூட வேலை செய்யறவன் அவனாக் கண்டுபிடிக்கிறானான்னு பாப்போம்னு பேசாம இருந்துட்டேன்னா, என்ன ஆகும்?"

அந்த லிஃப்டுக்குள் தானும்தான் நின்றுகொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. கட்டுப் போட்ட விரல் இரண்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சரி, நாளையிலேருந்து பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள் கடைசியில். "இந்தக் கட்டப் பிரிச்சதும் எனக்கும் ஒரு ஜோடி வேணும். நானே கேக்குறேன். கேட்டுட்டேன், போதுமா?"

கட்டுப் பிரித்து, வீக்கமும் வடிந்து, டாக்டர் மூடின ஷூ போடலாம் என்று சொன்ன பிறகு, ஒரு மாலை ஆட்டோ பிடித்து அவள் அதே கடைக்கு வந்தாள். அவன் வேலையிலிருந்து வண்டியில் நேரே வந்தான், காலில் பூட்ஸோடு. கடைக்காரி இரண்டு பேரையும் பார்த்தாள், மனைவியின் நடையைப் பார்த்தாள், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அவங்களுக்கு என்ன சைஸ்?"

தகடு, தையல், தோலின் தடிமன் எல்லாம் தலைகீழ்ப் பாடமாக வைத்திருந்த மெக்கானிக் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் சொன்னாள். அவன் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கடை அவள் கைக்கு வந்துவிட்டது. ஒரு மாதம் காதில் விழுந்ததெல்லாம் வீண் போகவில்லை. குதிகாலையும் மூக்கையும் பிடித்து முறுக்கினாள், கணுக்கால் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினாள், தடிமனான சாக்ஸ் கேட்டு வாங்கிப் போட்டு நடந்தாள். ஒரு ஜோடியைச் சுண்டுவிரல் பக்கம் அழுத்துகிறது என்று தள்ளினாள். இன்னொன்றில் அடிப்பாகம் வழுக்கும், பார்லர் தரை எப்போதும் ஈரம் என்றாள். அவன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"ஜிப் வெச்சதா, லேஸ் வெச்சதா?" என்றாள் கடைக்காரி.

"இன்னும் லேஸா? ஜிப்தான்" என்றாள் அவள்.

புது பூட்ஸைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். பஸ்ஸில்தான் போவேன் என்று சொன்னதை இரண்டு பேருமே ஞாபகப்படுத்தவில்லை. அவன் கொண்டுவந்திருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்துப் பின்சீட்டில் ஏறினாள். இடது காலைத் தூக்கியவள், கால்கட்டைக்கு மேலேயே ஒரு கணம் நிறுத்தினாள். பயம்தான். வைத்தாள்.

"உக்காந்துட்டியா?"

"ம்."

வண்டி கிளம்பவில்லை. அவன் சீட்டிலேயே உடம்பைத் திருப்பி, குனிந்து, அவளுடைய இடது காலைப் பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் திரும்பி வலது காலையும் பார்த்தான். பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்தான். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கியது, துடைக்கவும் முடியாது.

ஸ்டார்ட் பண்ணக் கையை வைத்தான். அவள் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். இடது பூட்ஸில், உள்ளே சொருகாமல், லேஸ் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கணம், தானாகப் பார்க்கிறாரா பார்ப்போம் என்ற பழைய புத்தி எட்டிப் பார்த்தது.

"ஏங்க, லேஸ்" என்றாள்.

அவன் குனிந்து உள்ளே சொருகினான்.