மாலை விழுந்த படம்

ரோஷன் செத்து வருஷங்கள் ஓடிவிட்டன. தாராவியில் அவன் புகழ் மட்டும் ஏறிக்கொண்டேதான் போகிறது. அவன் பாடிய ராக் பேண்டில் கிட்டார் வாசித்த ஜாபெசுக்கு அதுதான் தீராத வயிற்றெரிச்சல். அந்தப் பய ஒருநாளாவது சுதி சேர்ந்து பாடியிருக்கிறானா? பாட்டெல்லாம் கட்டினது யாரு? இந்த ஜாபெஸ். ரோஷன் போனது டெங்குவில். ரசிகர்களைக் கேட்டால் இசைக்காகவே எரிந்துபோனான் என்பார்கள். ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவனும் ஜாபெஸ்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் இவன் முடி கொட்டி, தொப்பை விழுந்து, சர்ச் கொயரில் கிடக்க, செத்தவன் மட்டும் இளவட்டமாகவே நின்றால் எப்படிப் பொறுக்கும்?

இந்த வருஷ நினைவுக் கச்சேரிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தவன் அல்தாப், பிரிண்டிங் கடைக்குப் புதுசு. பழைய பேண்ட் படத்தில் கிட்டாரோடு நிற்கிறவன்தான் ஹீரோ என்று முடிவுகட்டி, ரோஷனை வெட்டித் தள்ளிவிட்டு ஜாபெசைப் பெரிசாக்கிவிட்டான். அந்தக் காலத்தில் பேண்டில் எல்லாருக்குமே தோள்வரை முடி, முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி. யாருக்கு வித்தியாசம் தெரியும்?

ஜாபெசின் மனைவி ஆனிக்குத் தெரிந்தது. உயிரோடு இருக்கிற மனுஷன் படத்துக்கு மாலையா என்று பதறிப்போய், உடனே இறக்கச் சொன்னாள். கச்சேரி முடியட்டும் என்று ஜாபெஸ் கெஞ்சினான். காலையிலிருந்து அந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தான். ஒருத்தன் படத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்த விரலைப் பார்த்தாலே மேதை என்று தெரியவில்லையா என்றான் இன்னொருத்தன். ஜாபெசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தத் தெம்பில், வருஷாவருஷம் பின்னால் நின்று வாசிக்கிறவன், அன்றைக்கு மைக்கைப் பிடித்துத் தன் பாட்டைத் தானே பாடினான். சுதி பிசகவில்லை. ஏதோ கொஞ்சம் கைதட்டினார்கள். கீழே இறங்கி, கச்சேரியை நடத்துகிற கல்லூரிப் பெண் ஷைஸ்தாவிடம் எப்படி என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருந்துச்சு அங்கிள். ஆனா அவரு இருந்து பாடியிருக்கணும்" என்று பேனரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

அதற்கு மேல் அவனுக்குத் தாங்கவில்லை. "அந்தப் படத்துல இருக்கது நான்தாம்மா."

ஷைஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமா அங்கிள். நம்ம எல்லாருக்குள்ளயும் அவருதான் இருக்காரு."

ஜாபெஸ் படத்தில் நின்றவனை முறைத்துப் பார்த்தான். ரோஷன் மேல்கூட அவனுக்கு இத்தனை ஆத்திரம் வந்ததில்லை.