பச்சை ஸ்டிக்கர்

லிப்ட் கம்பெனியில் மெக்கானிக்கான அவருக்கு வைத்திருந்த பெயர் ‘அவசரம்’. கூப்பிட்டால் அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். அன்றைய அவசரத்தில் ஒரு நியாயமும் இருந்தது. மகளுக்குப் பிறந்தநாள். அப்பா வராமல் கேக் வெட்டமாட்டேன் என்று காலையிலேயே ஒற்றைக் காலில் நின்றிருந்தாள்.

அவரும் மச்சானும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிப்ட்டுக்குப் புது பிரேக் கட்டைகளை மாட்டி முடித்தார்கள். மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். வேலையும் ஒரே கம்பெனியில். இனி ஸ்டிக்கர்தான் பாக்கி. மஞ்சளில் ‘செக்டு’ என்று இருக்கும். அதை ஒட்டினால் லிப்ட் பூட்டியே கிடக்கும். பச்சையில் ‘டெஸ்டட்’, ஒட்டினால் ஆள் ஏறலாம். ஆனால் அதற்கு முன்னால் எட்டுப் பேர் பாரத்துக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தாக வேண்டும். கட்டிகளோ வேறொரு கட்டடத்தில் இருந்தன. வந்துசேர இருட்டிவிடும்.

அவசரம் பச்சையை எடுத்துப் பட்டென்று ஒட்டினார்.

“மாப்ள, என்ன பண்றே?” என்றார் மச்சான்.

“ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். பாத்தாச்சு, எல்லாம் நல்லா இருக்கு.”

“செக்டுன்னா பாத்தாச்சு. டெஸ்டட்னா ஏத்திப் பாத்தாச்சு. நீ எங்க ஏத்தினே?”

“ஆமா, பெரிய டிக்‌ஷனரி!”

பச்சை ஒட்டியவர்தான் முதலில் ஏற வேண்டும் என்பது அந்தக் கம்பெனியில் எழுதாத சட்டம். அவசரம் வீராப்பாக ஏறி, உச்சி மாடிவரை போய்த் திரும்பினார். லிப்ட் சமர்த்தாக வந்து நின்றது.

“பாத்தீங்களா? ஒரு குலுக்கல் கிடையாது.”

“நீ ஒத்தை ஆளு, அதுலயும் நோஞ்சான். சரி, ஒண்ணு பண்ணு. பார்ட்டிக்கு வந்திருக்கிற வாண்டுங்க, என் தங்கச்சி, பாப்பா, எல்லாரையும் இங்க வரச்சொல்லு. மொத்தமா ஏத்தி மேல அனுப்புவோம்.”

அவசரம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. மகள் அந்தக் கதவுக்குள்ளே நிற்பதாக நினைத்துப் பார்த்தார். அடுத்தவன் பிள்ளைக்கு மட்டும் பச்சையா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தார். சனியன், லேசில் வரவில்லை.

மஞ்சளை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

“அப்பா, கிளம்பிட்டீங்களா?”

“இல்லடா கண்ணு. லிப்ட்டைப் பாத்தாச்சு, இன்னும் ஏத்திப் பாக்கல.”

“பாத்தா போதாதாப்பா?”

“போதாதுடா. நீ கேக்கை வெட்டிடு.”