மரத்துக்குப் பீங்கான்

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமாம். ரந்தாவ் ரப்பர் தோட்டத்து வேலிவாசலில் காவலர்கள், பால் எடுக்கப் போகும் மயிலம்மாளின் எனாமல் தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக மரத்தடியில் தோட்டமே தேநீர் ஊற்றியது. எதில்? ரப்பர் பால் பிடித்துக் கழற்றிப்போட்ட பழைய தேங்காய்ச் சிரட்டையில்!

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ராயப்பன் மரத்துக்கு மரம் புதுப் பீங்கான் கோப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "உள்ள புதுசாக் கண்டுபிடிச்ச பூச்சுலா! பால் ஒட்டவே ஒட்டாது" என்று பூரித்தார்.

மயிலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்க் கடையில் சாதி பார்த்துச் சிரட்டையை நீட்டியதால்தான் அவள் அப்பா இந்தச் சீமைக்குக் கப்பலேறினார்.

விறுவிறுவென்று போய்க் கோப்பையைக் கழற்றினாள். தேநீரை அதில் ஊற்றிக்கொண்டு, சிரட்டையை மரத்துக் கம்பியில் மாட்டினாள்.

"ஏ மயிலம்மா, அது மரத்தோடது!"

ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "மரத்துக்குச் சிரட்டை போதும் மண்டோரே. அதுக்கு ரோசம் கெடையாது."