நகப்பூச்சுக் கோடு

ஏரியில் மோட்டார் படகுப் பந்தயம் பார்க்க வருகிறவர்களுக்கு அவள் சுறா. காலையில் நீச்சல்குளத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு டீச்சர். வீட்டில் மெக்கானிக்கின் மனைவி. இந்த மூன்றில் மூன்றாவதுதான் உயிரை வாங்குகிறது என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள், அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

சொல்வதில் நியாயம் இருக்கிறது. போன பந்தயத்தில் முழு வேகத்தில் போகும்போது இஞ்சினுக்குள் சிலிண்டர் சுவர் பிளந்துவிட்டது. உள்ளே தண்ணீர் புகுந்து இஞ்சின் சட்டென்று நின்றது. படகின் மூக்கு ஏரியில் குத்த, அவள் பந்து மாதிரி தூக்கி எறியப்பட்டாள். உடைந்த தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. கூடாதது மெக்கானிக்கின் மனசுதான். அன்றிலிருந்து அவளைக் குளியலறைக்கு அனுப்பவே யோசிக்கிற ஆளாகிவிட்டான்.

புது இஞ்சின் பிளாக் வந்தது, இரண்டு பக்கமும் சிலிண்டர்கள் வரிசையாக அடங்கிய இரும்புக் கூடு. சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடைவெளியில், அடிப்பகுதியில் மட்டும் சிமெண்ட் போன்ற ஒரு கலவையை ஊற்றி இறுக விட்டால் சுவர்கள் அசையாது. மேலே மிச்சமிருக்கும் இடத்தில் ஏரித் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பாதி கல், பாதி தண்ணீர். மேல்வரை நிரப்பினால் இன்னும் பலம்தான். ஆனால் தண்ணீர் ஓட வழியிருக்காது. நேராக ஒரு ஓட்டம் ஓடலாம், அவ்வளவுதான். சுற்றுப் பந்தயமென்றால் மூன்றாவது சுற்றிலேயே இஞ்சின் கொதித்து நின்றுவிடும். அவளுக்கோ சுற்றுப் பந்தயம்தான் உயிர். ஒருமுறை இறுகிவிட்டால் தலைகீழாக நின்றாலும் அதை எடுக்க முடியாது.

ஒரு பக்கத்தில் முந்தின நாள் இருவரும் சேர்ந்தே ஊற்றிவிட்டார்கள். இன்று வீட்டுப் பட்டறையில் பிளாக்கைத் திருப்பி, மறுபக்கம் மேலே வரும்படி மட்டம் பார்த்து வைத்திருந்தான். குளத்துக்குக் கிளம்பும் முன் அவள் தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, தண்ணீர் பம்பு பொருத்தும் ஓட்டைக்குள் தூரிகையை நுழைத்து, உள்சுவரில் ஒரு கோடு இழுத்தாள்.

"ஏங்க, இது வரைக்கும்தான். ஒரு சொட்டு மேல போகக் கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா சொன்ன பேச்சு கேக்குமே."

அவள் போய்விட்டாள். அவன் கலவையைக் கரைத்து மெல்ல ஊற்றினான். ரப்பர் சுத்தியலால் பிளாக்கைத் தட்டித் தட்டி உள்ளே மாட்டிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றினான். கலவை கோட்டைத் தொட்டது. நிறுத்தவேண்டிய இடம் அதுதான். எதிரே ஆணியில் அவளுடைய பழைய ஹெல்மெட் தொங்கியது. அதன் பக்கவாட்டில், அன்று ஏரியில் விழுந்தபோது வந்த விரிசல்.  அதைப் பார்த்துக்கொண்டே கையை இன்னும் சாய்த்தான். சிவப்புக் கோடு சாம்பல் நிறத்துக்குள் முங்கிப்போனது.

இன்னும் கொஞ்சம் ஊற்றினால் போதும், அவள் பத்திரம். மூன்றாவது சுற்றில் இஞ்சின் கொதிக்கும், அவள் ஓரம் கட்டுவாள். அடுத்ததிலும் அப்படியே. கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிடுவாள். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்குக்குள் அவள் முகமும் வந்துவிட்டது. இஞ்சினைச் சந்தேகப்படுவாள். தண்ணீரைச் சந்தேகப்படுவாள். தன் கையையே சந்தேகப்படுவாள். இவனை மட்டும் சந்தேகப்பட மாட்டாள். அதை நினைத்ததும் கலவையைக் கீழே வைத்தான்.

வீட்டுக்குள் ஓடி நீளக் கரண்டி ஒன்றை எடுத்துவந்து காம்பை வளைத்தான். ஓட்டை வழியாக அதை விட்டு, ஊற்றியதைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி ஒரு டம்ளரில் போட்டான். துணியைச் சுற்றிய குச்சியால் சுவரைத் துடைத்துத் துடைத்து, சிவப்பு தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

ஈரத் தலையோடு அவள் வந்து நின்றபோது கரண்டி இன்னும் அவன் கையில் இருந்தது. வேறு நாளாக இருந்தால் என் குழம்புக் கரண்டி என்று கத்தியிருப்பாள். இன்று டம்ளரைப் பார்த்தாள், டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"மேல ஊத்திட்டேன்," என்றான் அவன். "தெரியாம இல்ல. தெரிஞ்சேதான். உன்னை நிறுத்திடலாம்னு பாத்தேன். அப்புறம் மனசு கேக்கல, எடுத்துட்டேன்."

அவள் வேலைமேசையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"கோட்டையே ஒரு விரல் கீழதாங்க போட்டேன். உங்க கை ஏறும்னு எனக்குத் தெரியாதா? நீங்க மேல உப்பு போட்டுக்குவீங்கன்னுதானே எத்தனை வருஷமா குழம்புக்கு உப்பைக் குறைச்சுப் போடறேன்! எப்படியும் ஒரு விரல் ஏத்துவீங்க, அப்புறம் பயந்து நிறுத்திடுவீங்கன்னு கணக்குப் போட்டேன். திருப்பி எடுப்பீங்கன்னு மட்டும் எனக்குத் தோணவே இல்ல."

"அப்ப இப்போ கலவை ஒரு விரல் குறையுதா?"

"குறையுது. உங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன், அதுதான்."

டம்ளரில் இருந்தது இன்னும் இறுகவில்லை. அவன் அதை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உங்க கையாலயே ஊத்துங்க."

அவள் டார்ச் பிடித்தாள். அவன் ஓட்டை அருகே டம்ளரைக் கொண்டுபோனான். சாய்க்கப் போய் நிறுத்தினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் சுறா. விழுந்த நாளிலிருந்து தனக்குப் பயம் என்று அவள் ஒப்புக்கொண்டு அவன் கேட்டதே இல்லை. "ஊத்துங்க, இறுகிடப் போகுது."