ஒரு பொய்யும் சொல்லவில்லை

எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் ஜூலியானாவுக்கு வாய் நீளம் என்றுதான் சொல்வார்கள். உண்மைதான். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் வாயை அடக்கினேன். அந்த நாளைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

2011 ஆகஸ்ட், தலவில புனித அன்னம்மாள் திருவிழா. சண்டை முடிந்து இரண்டு வருடம். வடக்கிலிருந்தும் சனம் பஸ் பிடித்து வந்து கோவில் வளவில் கூடாரம் அடித்திருந்தது. குழாயடியில் வாளியோடு நின்ற என்னிடம் சிலாபம் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். அவருடைய மகனுக்கு அனஸ்தாசியாவைப் பேசியிருந்தார்கள். மகன் படகு எஞ்சின் திருத்துகிறவன், குடி கிடையாது. அனஸ்தாசியாவோடு ஒரே வாடியில் மீன் கீறிக் கருவாடு போடுகிறவள் நான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“நங்கி” என்று தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிட்டார். “அந்தப் புள்ள எப்படி?”

தங்கமான பிள்ளை. சண்டைக்குள் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவள். வயது முப்பத்துநாலு. யாரிடமும் முகம் சுளித்துப் பேசியதில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அன்று காலையில்தான் என் புருஷன் குடிவெறியில் கூடாரத்துக்குள்ளேயே சோற்றுப் பானையை உதைத்துக் கொட்டியிருந்தான். அவளோ புதுச் சேலை கட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வயிறெரிந்தது. இதைவிட மரியாதையான காரணம் ஒன்றைப் பிறகு எவ்வளவோ தேடினேன், கிடைக்கவில்லை.

“அத என்னட்டக் கேக்காதீங்க அக்கா” என்றேன். தலையைக் குனிந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவரிடம் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். திட்டியிருந்தால்கூட, பொறாமையில் பேசுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள். கேட்காதீர்கள் என்றால், சொல்ல நாக்கூசுகிற ஏதோ இருக்கிறது என்று பொருள். அந்த அம்மா அன்று மாலையே பஸ் ஏறினார். பிறகு அங்கிருந்து ஒரு கதையும் வரவில்லை.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் தவறியதே இல்லை. கோபப்பட்டேன் சாமி, புருஷனைச் சபித்தேன் சாமி, ஞாயிறு பூசைக்குப் பிந்தினேன் சாமி. பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கட்டளை வரும்போது மனதுக்குள் துழாவிப் பார்ப்பேன். நான் எங்கே பொய் சொன்னேன்? ஒரு சொல்லும் பொய்யில்லையே! அப்படியே எழுந்து வந்துவிடுவேன். பசாசுக்கு என்னிடம் அதிக வேலை இருக்கவில்லை.

அனஸ்தாசியா அழவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. அடுத்த வருடம் திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடந்து போகப்போவதாகச் சொன்னாள். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துத் துணைக்குப் போனேன். ஆறு வருடம் அந்தத் தார் ரோட்டில் அவள் வெறுங்காலோடு நடந்தாள். நான் செருப்புப் போட்டுக்கொண்டு அவளுக்குக் குடை பிடித்தேன். வழியில் கண்ட சனம் என்னைத்தான் மெச்சியது.

ஏழாம் வருடம், திருவிழாவுக்குச் சில கிழமைகள் இருக்கையில், வாடியில் பாரை மீன் கீறிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“இந்த முற கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் முழங்கால்ல போகப் போறன் அக்கா.”

“உனக்கென்ன விசரா? முழங்கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. இது என்ன முடியாத நேர்த்தியடி?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நேர்த்தி இல்லக்கா, தண்டன. தம்பி சண்டைக்குள்ள அம்பிட்டுக் கிடந்த நேரம், அவன் உசிரோட வந்தா நான் கன்னியாஸ்திரியாப் போறன் எண்டு அன்னம்மாட்ட வாக்குக் குடுத்தன். அவன் வந்துட்டான். நான் கலியாணத்துக்கு ஆசப்பட்டன். அதான் அவங்க கோவிச்சுத் தட்டிப்போட்டாங்க. இல்லாட்டி அந்தாக்கள் ஒண்டுஞ் சொல்லாம ஏன் போகோணும்?”

என் பாவத்துக்கு அவள் நடந்திருக்கிறாள், நான் குடை பிடித்திருக்கிறேன். வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டினேன். இளம் சாமியார். பாவமன்னிப்புத் தந்துவிட்டு, “அம்மா, கடவுள் உங்கள மன்னிச்சிட்டார். தான் செய்யாத தப்புக்கு அவங்க முழங்கால்ல போகப் போறாங்களே, அவங்களுக்கு யார் சொல்றது?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பசாசு என்னோடு வெகு மரியாதையாகப் பேசியது. மன்னிப்புத்தான் கிடைத்துவிட்டதே. அந்த மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகளாம். சொன்னால் அவள் மனம்தானே உடையும்? அவள் நன்மைக்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறேன் என்றுகூட நம்பினேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு கிழமை போயிற்று. “என்ன ஜூலியானா, வாய்க்குப் பூட்டா?” என்று வாடி முதலாளி முத்தலிபு நானா பகிடி பண்ணுகிற அளவுக்கு ஊமையாக இருந்தேன்.

திருவிழாவும் வந்தது. கோவில் வாசலில் அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு முழங்காலில் நின்றாள். பழக்கத்தில் நான் குடையை விரித்தேன். பூசை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று அப்போதும் நினைத்தேன். முதல் தரம் முழங்காலை நகர்த்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. குடையைப் போட்டுவிட்டு, வழியை மறித்து அவளுக்கு முன்னால் நானும் முழங்காலில் விழுந்தேன்.

“எழும்பு அனஸ்தாசி. அன்னம்மா ஒண்டுஞ் செய்யல்ல. நான்தான் செஞ்சன்.”

குழாயடியில் நடந்ததைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன். சனம் எங்களை விலத்திப் போய்க்கொண்டிருந்தது.

அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருக்கலாம். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, பீடத்தைத்தான் பார்த்தாள்.

“அப்ப அவங்க என்னோட கோவமில்லையா?”

“யார்?”

“அன்னம்மா.”

“இல்ல. ஒரு நாளும் இல்ல.”

ஏழு வருடம் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. அந்த மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அழுது முடித்து எழும்பப் பார்த்தாள். கை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. வாசல் தூணைப் பிடித்து எழும்பி, மணலைத் தட்டிவிட்டு, நிமிர்ந்து உள்ளே நடந்து போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்துகொண்டு பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டாள். ஒவ்வொரு வருடமும் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருகிறவள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே வந்தேன். அன்னம்மாவுக்குக் கோபம் என்கிற பயம் விட்டுப்போன அவள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன், அதுவும் எட்ட நின்று.