இருபத்திரண்டு அடி

ஸ்கேலை மூன்றாவது முறையாகப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள் மகள். ஊர்ப்படத்தின் மூலையில் "ஓர் அங்குலத்துக்கு நூறு அடி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே நூறு அடியைக் காட்டப் போட்டிருந்த கோடோ ஓர் அங்குலத்தை எட்டாமல் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டது. காரணம், ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: மறுபதிப்பில் படம் சிறிதாக்கப்பட்டுள்ளது.

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள்.

கட்டிலில் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். இன்றோ நாளையோ என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே, நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்ப்படத்தின் மறுபதிப்பை அப்பா வாங்கி வந்தார். பதினோரு வருஷமாக அம்மாவுக்குச் சக்களத்தி அதுதான். தபாலாபீஸ் இருக்கும் இடத்தில் குதிரை லாயம், பள்ளிக்கூட மைதானத்தில் செங்கல் சூளை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, "எங்கள் தெரு" என்று நாற்பது பக்கம் எழுதிவிட்டார். சாயங்காலம் அது அச்சகத்துக்குப் போகவேண்டும்.

கடைசிப் பக்கம், காணாமல்போன தெருக்கிணறு. படத்தில் ஒரு சின்ன வட்டம். மணிக்கூண்டிலிருந்து இரண்டு அங்குலம், ஆக இருநூறு அடி. நடந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தையல்கடை வந்தது, அதுவும் துணி வெட்டும் மேஜைக்கு நேர் கீழே. டைலர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "என் கடைக்கு அடியில கிணறு இருந்தா, நான் எப்பவோ மெஷினோட உள்ள போயிருப்பேன் கண்டக்டர்" என்பார். இந்தச் சண்டை இல்லாமல் இருவருக்கும் டீ இறங்காது.

அந்த நூறடிக் கோட்டையே அளவாக வைத்து அளந்தால் இருநூற்று இருபத்திரண்டு அடி வந்தது. இருபத்திரண்டு அடி தள்ளினால் இந்த வீடு. இந்த அறை.

சொல்வதா, வேண்டாமா? மனுஷர் நிம்மதியாகப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் தப்பு அவர் பெயரிலேயே அச்சாகும். ஒரு டிக்கெட்டைத் தப்பாகக் கிழித்துவிட்டாலே இரண்டு நாள் முகம் செத்துப்போய்த் திரிந்தவர் அவர்.

"என்ன கண்ணு, திருதிருன்னு முழிக்கிற?" அப்பா ஒரு கண்ணைத் திறந்திருந்தார்.

"ஒண்ணு சொன்னா டென்ஷன் ஆகக்கூடாது."

"இனிமே ஆகி என்ன பண்ணப்போறேன்? சொல்லு."

படத்தையும் ஸ்கேலையும் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்தை நம்பினேன். கோட்டைப் பாக்காம விட்டுட்டேன். அப்ப கிணறு எங்க?"

"நீங்க படுத்திருக்கீங்களே, அங்க."

கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துத் தரையை எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னடி பண்ணின அவரை?"

"கிணத்து மேல படுத்துக்கிட்டு, பதினோரு வருஷமா அவன் கடையைத் தோண்டச் சொல்லியிருக்கேன்!" என்றார் அப்பா.

"நான் தினமும் கூட்டிப் பெருக்குற இடமா?" என்று அம்மா சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் அப்பா மகளின் கையைத் தட்டினார். "புத்தகத்துல திருத்திடு. ஆனா டைலர்கிட்ட இப்ப மூச்சு விடாத. அவன் சிரிக்கிறதை என்னால பாக்க முடியாது. நான் போனப்புறம் சொல்லிக்கோ."

திருத்திய வரியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று மணிக்குத் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். தம்ளரைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்று அழுதாள். அவளுக்கு அப்பா என்றால் உயிர்.

செய்தி கேட்டு டைலர் கழுத்தில் தொங்கிய டேப்போடு அப்படியே ஓடிவந்தார். நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

"ஒத்துக்கிறேன் கண்டக்டர். கிணறு என் கடைக்கு அடியிலதான். நீ சொன்னதுதான் சரி." அவள் பக்கம் திரும்பினார். "பாப்பா, டைலரே ஒத்துக்கிட்டார்னு புத்தகத்துல போட்டுடு."

அப்படியே விட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஆனால் அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே. படத்தை எடுத்து நீட்டினாள்.

"மாமா, இந்தக் கோட்டை உங்க டேப்பால அளந்து பாருங்க."

நாற்பது வருஷம் அங்குலத்தோடு குடித்தனம் நடத்தியவர். வைத்த மாத்திரத்தில், "குறையுதே" என்றார். அதே கோட்டை வைத்து மணிக்கூண்டிலிருந்து வட்டம் வரைக்கும் அளந்தார். விரல்விட்டு எண்ணினார். கண்கள் சுவரைத் தாண்டி வந்து, கட்டிலுக்கு அடியில் நின்றன.

"இவனுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லவேண்டாம்னுட்டார்."

டைலர் டேப் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மீசை துடித்தது. "படுத்திருக்கான் பாரு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி" என்றார்.

பிறகு எழுந்து, நாற்காலியை இரண்டு முழம் பின்னால் நகர்த்திப் போட்டு, அதன் நான்கு கால்களையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.